260 பேர் வகுப்பு: வீடியோ பார்த்துட்டு யாரும் வர்றதில்ல, துறையில கிளிக்கர் வாங்கலாம்ங்கிறாங்க. உங்க அனுபவம் என்ன?

சுண்ணாம்புக்கட்டி (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். டர்பன்ல ஒரு பல்கலைக்கழகத்துல முதலாண்டு இயற்பியல் நடத்துறேன். பொறியியல், பி.எஸ்ஸி ரெண்டும் சேர்த்து 260 பேர். மேலே ஏறிக்கிட்டே போற பெரிய அரங்கம், கடைசி மூணு வரிசை எப்பவும் இருட்டு. பிள்ளைகள்ல பாதிக்கு மேல வீட்டுல ஜூலு பேசுறவங்க. சிலர் உம்லாசி, குவாமஷுல இருந்து ரெண்டு மினிபஸ் டாக்சி மாறி வர்றாங்க. சிலர் நொங்கோமா பக்கத்துக் கிராமத்துல இருந்து வந்து ரெஸ்ல (பல்கலைக்கழக விடுதி) தங்கியிருக்காங்க. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பிள்ளைகளும் உண்டு. பேரு தமிழ்ல இருக்கும், பேச்சுல இருக்காது. அது வேற கதை, இங்க வேண்டாம்.

இந்த வருஷம் துறையில ஒரு முடிவு எடுத்துட்டாங்க. விரிவுரையைக் குறைச்சு, பாடத்தை வீடியோவா எடுத்து முன்கூட்டியே மூடில்ல (எங்க இணையப் பாடத் தளம்) ஏத்தணும். வகுப்பு நேரத்துல பிள்ளைங்களே ஏதாவது செய்யணும். ஃபிளிப்டு கிளாஸ்ரூம். கொள்கையா எனக்கு இதுல மறுப்பே கிடையாது. ஆனா மேலிடத்துல இருந்து வந்த அச்சு என்னன்னா, ஒரு பீரியடுக்கு ஒரு வீடியோ, ஒவ்வொண்ணும் 40 நிமிஷம், மூலையில முத்திரை. மூடில் பதிவைப் பாத்தா நடக்குறது தெரியுது. திறக்குறாங்க, அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடுறாங்க. டெஸ்டுக்கு முந்தின ராத்திரி மட்டும் திருவிழாக் கூட்டம்.

அடுத்தது கிளிக்கர். ஒரு கம்பெனிக்காரர் வந்து செஞ்சு காட்டிட்டுப் போனார். பிள்ளைங்க கையில ஒரு சின்னக் கருவி. பட்டனை அமுக்கினா திரையில பட்டைப்படம் ஏறும். எங்க தலைவருக்குப் பாடத்தைவிட அந்தப் படம் பிடிச்சுப்போச்சு, "இதை டீனுக்கு அனுப்பலாமே" என்றார்.

கருவி இல்லாம ஒரு கேள்வி கேட்டுப் பாத்தேன். என்3 சாலையில துறைமுகத்தைப் பாத்து இறங்கி வர்ற கன்டெய்னர் லாரி, ஓரமா நிக்கிற மினிபஸ் டாக்சியில மோதுது. மோதுற அந்த நேரத்துல எது எதுமேல அதிக விசை செலுத்துது? நியூட்டனோட மூணாவது விதியை நடத்தி, கணக்கும் போட்டு முடிச்சப்புறம்தான் கேட்டேன். கை தூக்கச் சொன்னா முன்வரிசையில ரெண்டு பேர் தூக்கினாங்க, அவங்களைத் திரும்பிப் பாத்துட்டு மத்தவங்க தூக்கினாங்க. யாரு உள்ளபடி என்ன நினைக்குறாங்கன்னு எனக்குப் பிடிபடல. வகுப்பு முடிஞ்சதும் ஒரு பையன் வந்தான். "மேடம், பரீட்சையில ரெண்டும் சமம்னு எழுதிடுறேன். ஆனா நெசத்துல லாரிதானே நசுக்குது?" அவன் கேட்டதுக்கு அப்புறம் வீட்டுக்குப் போற வழி பூரா யோசனை.

அதுக்கு மேல, மாணவர் மதிப்பீட்டுப் படிவம். "பாடம் நடத்தச் சம்பளம் வாங்கிட்டு எங்களையே பேசச் சொல்றாங்க"ன்னு ஒருத்தர். பேர் போடாத படிவம், யாருன்னு தெரியாது.

கேள்வி இதுதான்: கிளிக்கருக்குப் பணம் போடுறதுல அர்த்தம் இருக்கா? இல்ல மென்டிமீட்டர், கஹூட் மாதிரி போன்லயே முடிச்சுக்கலாமா? வீடியோவை என்ன பண்றது? பெரிய வகுப்பு எடுத்தவங்க சொல்லுங்க. "மாணவர்களை ஊக்குவியுங்கள்" வகை அறிவுரை வேண்டாம், அது எங்க பயிற்சிப் பட்டறையிலேயே கிடைக்குது.

பழைய பெஞ்சு (டோங்காட்)

அன்புள்ள அம்மா, வணக்கம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். இந்த மண்ணிலேயே பிறந்தவன். தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் புத்தகத்தைப் பார்த்துக் கற்றது. ஆகவே என் எழுத்து சற்றுப் பழைய வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் கேட்டதை அப்படியே ஹார்வர்டிலும் ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இதே விசைக் கேள்விகளை வகுப்பில் கொடுத்தபோது, "நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?" என்றாளாம். அவருடைய மாணவர்கள் கணக்கெல்லாம் சரியாகப் போடுபவர்கள். லாரியும் காரும் வந்தால் மட்டும் விழுந்துவிடுகிறார்கள். கரும்பலகையில் இரண்டு தடவை விளக்கியும் முகங்கள் தெளியாதபோது, வேறு வழியில்லாமல் "பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள்" என்றார். சில நிமிடங்களில் அவர்களே விடைக்கு வந்துவிட்டார்கள். அதிலிருந்துதான் 1991 இல் அவர் தம் வகுப்பு முறையை மாற்றினார்.

முறை எளிது. ஒரு கேள்வி. கணக்குப் போட வேண்டாத, யோசிக்க மட்டும் வேண்டிய கேள்வி. ஒரு நிமிடம் தனியாக, வாய் திறக்காமல் யோசிக்க வேண்டும், பிறகு வாக்கு. சரியான விடை 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் நீங்கள்தான் மறுபடி விளக்க வேண்டும், பேசவிட்டுப் பயனில்லை. 70 சதவீதத்துக்கு மேல் என்றால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். இடையில் இருந்தால்தான் பேசவிட வேண்டும், தன்னிடமிருந்து வேறுபட்ட விடை வைத்திருப்பவரைத் தேடிப் பேச வேண்டும். பிறகு மறுவாக்கு. விளக்கம் கடைசியில்.

இதில் கருவி எங்கே வருகிறது என்று பாருங்கள். வாக்கு எண்ணும் இடத்தில் மட்டும். 2008 இல் நாதனியேல் லாஸ்ரி என்பவர் கனடாவில் ஒரு கல்லூரியில் ஒரு பிரிவுக்குக் கிளிக்கரும் இன்னொரு பிரிவுக்கு வெறும் அட்டையும் கொடுத்து இதே முறையில் நடத்திப் பார்த்தார். கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நாலு நிறத்தில் அட்டை வெட்டிக் கொடுங்கள் அம்மா. அட்டையை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்; பின்னால் இருப்பவனுக்கு முன்னால் இருப்பவனின் நிறம் தெரியாது. உங்களுக்கு மட்டும் தெரியும். முன்வரிசையைப் பார்த்துக் கை தூக்கும் நோய் அங்கேயே தீரும்.

ஒரு பழைய நினைவு, விலகல்தான். 1961 இல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் பழைய கடற்படைக் கொட்டகைகளில் கல்லூரி தொடங்கினார்கள். நான் அங்கே படித்தபோது அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாய். விரிவுரையாளர் குறிப்பைச் சொல்லச் சொல்ல எழுதுவோம், கேள்வி கேட்கும் வழக்கமில்லை. இயற்பியலை நான் கற்றது தீவுக்குப் போகும் படகில், நண்பர்களோடு சண்டை போட்டு.

கம்பிவடம் (பிரிட்டோரியா)

வணக்கம் அக்கா. நான் ஒரு கல்வி நிறுவனத்தில மூடில் சேர்வரைப் பாத்துக்கொண்டிருக்கிறன். எப்பிடிப் படிப்பிக்கிறது எண்டது என்ர துறை இல்ல. பெடியள் எந்த இடத்தில வீடியோவை விட்டிட்டுப் போகினம் எண்டது மட்டும் தெரியும். உங்கட கதை எல்லா இடத்திலயும் ஒண்டுதான்.

முதல்ல கணக்கு. 40 நிமிசம், 720பி, நொடிக்கு ஒண்டரை மெகாபிட் எண்டு வையுங்கோ. ஒரு வீடியோ 450 எம்பிக்குக் கிட்ட வரும். கிழமைக்கு மூண்டு வகுப்பு எண்டால், இயற்பியலுக்கு மட்டும் கிழமைக்கு 1.3 ஜிபி. இங்க முன்கட்டண டேட்டா என்ன விலை எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2016ல "டேட்டா மஸ்ட் ஃபால்" (டேட்டா விலை இறங்கோணும்) எண்டு சனம் சும்மா கத்தேல்ல.

2020ல கொரோனா முடக்கம் வந்தபோது தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டாக் கட்டணம் எடுக்காமல் விட்டவை. அதில ஒரு பொறி இருக்கு, கனபேர் கவனிக்கிறதில்லை. வீடியோவை யூடியூப்பில ஏத்தி மூடில் பக்கத்தில ஒட்டிவிட்டால், பார்க்கிறது மூடில்ல எண்டாலும் டேட்டா ஓடுறது யூடியூப்பில இருந்து. கட்டணமில்லாத பட்டியலில அது இல்லை. பெடியனுக்கு "மூடில் இலவசம்" எண்டு சொல்லி அனுப்பினால் அவன்ர டேட்டா முழுக்கக் கரைஞ்சிடும். அடுத்த முறை அவன் உங்கட பக்கத்தைத் திறக்கவே மாட்டான். உங்கட நிறுவனத்தில இப்ப எந்தத் தளம் இலவசம் எண்டதை ஐடி ஆக்களிட்ட கேட்டு எழுத்தில வாங்குங்கோ.

வீடியோ நீளத்துக்கு 2014ல எட்எக்ஸ் எண்ட இணையப் பாடத் தளத்தின்ர தரவை வைச்சுச் செய்த ஆய்வொண்டு இருக்கு. 69 லட்சம் தடவை பார்த்த பதிவுகள். நீளம் எவ்வளவாக இருந்தாலும் ஆக்கள் இருந்து பார்க்கிற நேரத்தின்ர இடைநிலை ஆறு நிமிசத்தைத் தாண்டேல்ல. அதனால ஆறு நிமிசத் துண்டாக வெட்டுங்கோ. உங்கட முகம் தேவையில்லை, முத்திரையும் தேவையில்லை. சிலைடும் குரலும் மட்டும் எண்டால் ஒரு துண்டு பத்து எம்பிக்குள்ள அடங்கும். குரல் மட்டும் எண்டால் ஒரு எம்பி. கூடவே ரெண்டு பக்கப் பிடிஎஃப். மூடில் செயலியில வளாக வைஃபையில இறக்கி வைச்சிட்டு டாக்சியில போகேக்க கேக்கலாம்.

பெஞ்சு ஐயா சொன்ன அட்டையில எனக்கு ஒரு மாறுபாடு. அட்டை பதிவை விட்டுவைக்காது. யார் தொடர்ந்து பிழையாச் சொல்லுறான் எண்டது வருசம் தொடங்கின கையோட, ஏப்பிரலிலேயே தெரிஞ்சால்தானே உதவலாம்? மூடில்லயே "சாய்ஸ்" எண்டு ஒரு வசதி இருக்கு. ஒரு கேள்வி, நாலு தெரிவு, அமுக்கினால் முடிஞ்சுது. சில கிலோபைட்தான் போகும். காசு குடுத்துக் கிளிக்கர் தேவையில்லை, கஹூட்டும் தேவையில்லை. அந்த மேளச் சத்தமும் ஓட்டப்போட்டியும் யோசிக்கிற கேள்விக்குச் சரிவராது, வேகமா அமுக்கினவனுக்குப் புள்ளி கூட.

மூணாம் வருஷம் (டர்பன்)

மேடம், ஐயா, அண்ணா, நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும். நான் ஸ்டூடண்ட். அப்பா வேலைக்காக இங்க வந்தோம், ஸ்கூல் பாதி சேலம், பாதி இங்க. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் அந்த இருட்டு வரிசைலதான் உக்காந்திருந்தேன் (உங்க அரங்கம் இல்ல, வேற எடம், ஆனா எல்லா எடத்துலயும் ஒரு இருட்டு வரிசை இருக்கு).

கிளிக்கர் பத்தி யாரும் சொல்லாத ஒண்ணு. அட்டெண்டன்ஸுக்கு மார்க்னு வெச்சா ஒருத்தன் பையில நாலு கிளிக்கர் இருக்கும். வராத மூணு பேருக்கும் அவனே ஓட்டு. நான் பாத்திருக்கேன். போன்லயும் அதேதான், கேள்வி வாட்ஸ்அப் குரூப்ல போகும், ரெஸ்ல படுத்துட்டே அமுக்குவாங்க. அட்டைல மட்டும்தான் ஆள் அங்க இருக்கணும்.

அப்புறம் வீடியோ ஏன் பாக்க மாட்டோம்னா, பாத்துட்டு வந்தாலும் வகுப்புல அதையே திருப்பிச் சொல்லிடுவாங்க, அதான். பாக்காதவங்க முகத்தைப் பாத்து லெக்சரர் இரக்கப்பட்டு முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. பாத்தவன் ஏமாந்தவன். எங்க கெமிஸ்ட்ரி லெக்சரர் திருப்பிச் சொல்லவே மாட்டார். வகுப்புக்கு முந்தின நாள் ராத்திரிக்குள்ள மூடில்ல மூணு சின்னக் கேள்வி, கடைசிக் கேள்வி எப்பவும் "எது புரியல?". நாங்க எழுதினதை அடுத்த நாள் ஸ்கிரீன்ல போட்டு அங்க இருந்து ஆரம்பிப்பார். நம்ம எழுதினது வந்துச்சானு பாக்கவே போவோம். அதுக்கு டிபில (எக்ஸாம் எழுதத் தகுதி தர்ற வகுப்பு மார்க்) கொஞ்சூண்டு வெயிட். டிபி இல்லனா எக்ஸாம் எழுத முடியாதுல்ல, அதனால எல்லாரும் போட்டுடுவோம்.

இன்னொண்ணு. பேசச் சொன்னா இங்கிலீஷ்ல பேசச் சொல்லாதீங்க ப்ளீஸ். என் பக்கத்துல ஒரு பொண்ணு, வகுப்புல வாயே தொறக்க மாட்டா. ஜூலுல பேசிக்கலாம்னு சொன்ன அன்னிக்கு அவ பக்கத்துல இருந்த மூணு பேருக்கும் கெப்பாசிட்டர் சொல்லிக் குடுத்தா. எனக்கும் பாதி புரிஞ்சுது, முதல் வருஷம் ஜூலு மாட்யூல் படிச்சது அன்னிக்குத்தான் உதவிச்சு.

சுண்ணாம்புக்கட்டி

தம்பி, நாலு கிளிக்கர் சமாச்சாரத்தை எங்க தலைவருக்கு அப்படியே மொழிபெயர்த்து அனுப்பப் போறேன்.

ஜூலு விஷயம் எனக்குத் தோணவே இல்லங்கிறது உண்மையில்ல, தோணிச்சு. ஆனா அவங்க என்ன பேசுறாங்கன்னு எனக்குப் புரியாதே, தப்பான விளக்கம் பரவினா எப்படிப் பிடிக்கிறதுங்கிற கவலை. அதை யோசிச்சுப் பாத்தா, இப்ப இங்கிலீஷ்ல 260 பேர் முணுமுணுக்கிறதுலயும் எனக்கு ஒண்ணும் கேக்காது. மறுவாக்குலதான் தெரியும். ஆக அந்தக் கவலைக்கு அர்த்தமில்ல. டியூட்டர்கள்ல ஜூலு பேசுற ரெண்டு பேரை வகுப்புல நடமாட விட்டா போதும்.

ஐயா, ரெண்டு சந்தேகம். ஒண்ணு, பாடத்திட்டம். ஒரு கேள்விக்கு எட்டுப் பத்து நிமிஷம்னா 45 நிமிஷத்துல நாலு கேள்வி. நான் நடத்துற வேகத்துல அது பாதி கூட வராது. ரெண்டு, அந்த மதிப்பீட்டுப் படிவம். பதவி உயர்வுக் கோப்புல அது போகுது, நான் ஒப்பந்தத்துல இருக்கிற ஆளு. "கத்துக்கிட்டாங்க, ஆனா பிடிக்கல"ன்னு எழுதி வாங்கினா யாரு எனக்குப் பதில் சொல்றது?

கம்பிவடம், சாய்ஸ் யோசனை நல்லாயிருக்கு. எங்க அரங்கத்துல 260 போனும் ஒரே நேரத்துல வைஃபை பிடிச்சா வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும். 2023ல ஆறாம் கட்ட மின்வெட்டுல பக்கத்து டவர் பேட்டரியும் செத்து, வளாகத்துல ஜெனரேட்டர் ஓடியும் சிக்னல் இல்லாம உக்காந்திருந்தோம். இப்ப நிலைமை தேவலாம். ஆனாலும் மின்சாரத்தை நம்பி ஒரு பாடமுறையைக் கட்ட எனக்கு இன்னும் மனசு வரல.

கம்பிவடம்

சரி அக்கா, அப்ப இப்பிடிச் செய்யுங்கோ. பெரிய வகுப்பில அட்டை. டியூட்டோரியலில ஆள் நாற்பதுதானே? அங்க பிளிக்கர்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. கடதாசியில அச்சடிச்ச சதுரக் குறி, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேற குறி. எந்தப் பக்கம் மேல இருக்கோ அது விடை. நீங்கள் உங்கட போன் கமராவை வகுப்புக்கு நேர பிடிச்சால் ஆர் ஆர் என்ன சொன்னவை எண்டு பதிஞ்சிடும். பெடியளுக்குப் போனும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. அட்டைத் தொகுதி 63 பேர் வரைதான், அதால 260க்குச் சரிவராது. டீனுக்குப் பட்டைப்படம் தேவையெண்டால் அதில இருந்து குடுக்கலாம். ரெண்டு பக்கமும் சந்தோசம்.

தம்பி சொன்ன "ரெஸ்ல படுத்துக்கொண்டு அமுக்கிறது" எங்கட சேர்வர் பதிவிலயும் தெரியும், வளாகத்துக்கு வெளியில இருந்து வாற ஐபி முகவரிகள். நான் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல.

பழைய பெஞ்சு

அம்மா, பாடத்திட்டம் பற்றி. ரிச்சர்ட் ஹேக் 1998 இல் 62 வகுப்புகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்ணைத் திரட்டினார். வகுப்புத் தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் அதே தேர்வு. முதலில் தெரியாதிருந்ததில் எவ்வளவு பங்கைக் கற்றார்கள் என்பதே அவர் கணக்கு. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரி 0.23, மாணவர் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 0.48. அதாவது எல்லாப் பாடத்தையும் நீங்கள் நடத்தி முடித்தாலும், தெரியாதிருந்ததில் நாலில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. மீதி முக்கால் பங்கு உங்கள் குறிப்பேட்டில் மட்டும் முடிந்திருக்கிறது. வரையறை, சூத்திரத் தருவிப்பு இவற்றைத் தம்பி கம்பிவடம் சொன்ன இரண்டு பக்கத் தாளுக்குத் தள்ளிவிடுங்கள். அவற்றை வாய்விட்டு வாசிக்க ஒரு முனைவர் பட்டம் தேவையில்லை.

படிவம் பற்றி எனக்கு ஆறுதலான பதில் கிடையாது. 2019 இல் ஹார்வர்டில் லூயி டெலோரியரும் மற்றவர்களும் இயற்பியல் மாணவர்களைப் பிரித்து, ஒரே பாடத்தை ஒரு பிரிவுக்கு நல்ல விரிவுரையாகவும் இன்னொரு பிரிவுக்குச் செயல்வழியாகவும் நடத்தினார்கள். செயல்வழிப் பிரிவு தேர்வில் கூடுதலாக வாங்கியது. ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் அவர்களுக்குத் தோன்றியது. மூளை வருந்தினால் "புரியவில்லை" என்று தோன்றும். சரளமான பேச்சைக் கேட்டால் "புரிந்துவிட்டது" என்று தோன்றும். ஆகவே படிவத்தில் மதிப்பெண் குறையலாம். இரண்டு செய்யுங்கள். முதல் வகுப்பிலேயே இந்த ஆய்வை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பிறகு, ஹேக் செய்ததுபோல் ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் விசைக் கருத்துத் தேர்வு (கணக்கில்லாமல் விசை பற்றிய புரிதலை மட்டும் சோதிப்பது) வைத்து அந்த எண்ணைக் கோப்பில் சேருங்கள். ஒப்பந்தக்காரருக்குப் படிவத்தைத் தவிர வேறொரு தாளும் கையில் இருக்க வேண்டும்.

சுண்ணாம்புக்கட்டி

சரிங்க ஐயா. அடுத்த பாடம் மின்சுற்று. அட்டை நாலு நிறம்: பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு. கேள்வி தயார் பண்ணிட்டேன், பாத்துச் சொல்லுங்க.

ஒரே மாதிரி ரெண்டு பல்பு, தொடரிணைப்புல, ஒரு மின்கலம். ரெண்டாவது பல்போட ரெண்டு முனையையும் ஒரு கம்பியால இணைச்சா என்ன ஆகும்?
பச்சை: முதல் பல்பு இன்னும் பிரகாசமாகும், ரெண்டாவது அணையும்.
மஞ்சள்: ரெண்டும் மங்கும்.
நீலம்: ஒண்ணும் மாறாது.
சிவப்பு: ரெண்டும் அணையும்.

மூணாம் வருஷம்

மேடம், மண்டைல முதல் வருஷம் திரும்பி வந்துடுச்சு. நான் அப்ப என்ன நெனச்சிருப்பேன்னா, ரெண்டாவது அணையும், முதல் பல்பு அப்படியே எரியும். பேட்டரி எப்பவும் ஒரே அளவு கரண்ட்தானே அனுப்புதுன்னு. அந்த ஆப்ஷன் உங்க லிஸ்ட்லயே இல்ல.

பழைய பெஞ்சு

தம்பி சொன்னதே சரி. மின்கலம் எப்போதும் ஒரே மின்னோட்டம் தரும் என்ற எண்ணம் முதலாண்டில் மிகப் பரவலானது. அதற்கு இடம் கொடுக்காவிட்டால் அப்படி நினைப்பவர்கள் ரெண்டாவது பல்பு அணைவதைப் பார்த்துப் பச்சையையே தூக்குவார்கள். 70க்கு மேல் வந்துவிட்டதென்று நீங்களும் கடந்து போய்விடுவீர்கள். சிவப்பை எடுத்துவிட்டு, "முதல் பல்பில் மாற்றமில்லை, ரெண்டாவது அணையும்" என்று போடுங்கள். சிவப்பட்டை நிறைய எழும்பும். எழும்பியதும் பச்சைக்காரர்களைத் தேடி உட்காரச் சொல்லுங்கள். பேசி முடித்து மறுவாக்கும் எடுத்த பிறகு, மேசைமேல் நிஜமாகவே கம்பியை வைத்துக் காட்டுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

சுண்ணாம்புக்கட்டி

மாத்திட்டேன். அட்டை வெட்டக் கடையில குடுத்தாச்சு. கிளிக்கர் விலைப்பட்டியல் இன்னும் தலைவர் மேசையிலதான் இருக்கு. அந்தப் பேச்சு தனி இழையில போடுறேன்.